கற்றுக்கொள்ளும் மகிழ்ச்சி

தியானப் பகுதி: பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபம், 1 முதல் 4 வரையிலான அதிகாரங்கள்



மருத்துவமனையில் மகிழ்ச்சியைக் குறித்துப் பேசுவது பொருத்தமா என்ற கேள்வி உங்கள் உள்ளத்தில் எழக்கூடும். வலியோடு படுத்திருப்பவரிடமும், அடுத்த கட்டச் சிகிச்சைக்கான பணத்தை யாரிடம் கேட்பது என்று கலங்கி நிற்பவரிடமும் ‘மகிழ்ச்சியாயிருங்கள்’ என்று சொல்வது எளிது. அதைக் கேட்பதோ கடினம். இதை அறிந்தே இப்பாடத்தைத் தொடங்குகிறோம். வேதாகமத்தில் மகிழ்ச்சியைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசும் நிருபம் ஒன்று உண்டு. அது வசதியான இல்லத்திலிருந்து எழுதப்பட்டதன்று. காவலில் வைக்கப்பட்டிருந்த அப்போஸ்தலனாகிய பவுல், தமக்குக் கிடைக்கப்போவது விடுதலையா மரணமா என்று அறியாத நிலையில் அதை எழுதினார். அந்த நிருபத்தின் நடுவில் மரணத்தின் விளிம்புவரை சென்று திரும்பிய ஒரு நோயாளியும் இருக்கிறார். ஆகவே அது நம் வார்டுகளுக்கு அந்நியமான நிருபம் அல்ல.

வேறு சமய நம்பிக்கை உடையவர்களும் இவ்விதழை வாசிக்கிறீர்கள் என்பதை அறிவோம். உங்களையும் அன்போடு இப்பாடத்திற்குள் அழைக்கிறோம். உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவமும் பராமரிப்பும் உங்கள் நம்பிக்கையைப் பொறுத்து அமைவதில்லை.

1. பொருள் தரும் மகிழ்ச்சியும் அதன் எல்லையும்

மனித மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. எதிர்பாராத நன்மை ஒன்று கிடைக்கும்போது அவை மிகுந்த கிளர்ச்சி அடைகின்றன. அதே நன்மை எதிர்பார்த்தபடி மீண்டும் மீண்டும் கிடைக்கும்போது அந்தக் கிளர்ச்சி தணிந்துவிடுகிறது. புதிய வாகனம் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் இருந்த மகிழ்ச்சி ஓராண்டுக்குப் பின் அதே அளவில் இருப்பதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்த அனுபவம். வாகனம் மாறவில்லை, நம் மனம் அதற்குப் பழகிவிட்டது. ஆகவே அதைவிடப் பெரிய ஒன்றை நாடுகிறோம்.

1978ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். லாட்டரியில் பெரும்பணம் வென்றவர்களையும், விபத்தில் கைகால் செயலிழந்தவர்களையும், இவ்விரண்டும் நேராத பொதுமக்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். பணம் வென்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு உரையாடுதல், காலை உணவை உண்ணுதல் போன்ற சிறிய நன்மைகளில் அவர்கள் பெற்ற இன்பமும் குறைந்திருந்தது. விபத்துக்குள்ளானவர்கள் பொதுமக்களைவிட மகிழ்ச்சி குன்றியவர்களாகவே இருந்தனர். ஆயினும் பிறர் எண்ணக்கூடிய அளவுக்கு அவர்கள் நம்பிக்கை இழந்திருக்கவில்லை. சிறிய ஆய்வுதான் எனினும், நம் மகிழ்ச்சியை எதில் வைக்கிறோம் என்று யோசிக்க அது நம்மைத் தூண்டுகிறது.

இந்த உண்மையை வேதாகமம் மிகப் பழங்காலத்திலேயே எடுத்துரைத்தது. பிரசங்கியின் புத்தகம் இரண்டாம் அதிகாரத்தில், பேசுகிறவர் மாளிகைகளையும் தோட்டங்களையும் குளங்களையும் பொன் வெள்ளியையும் இசையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார். தம் கண்கள் விரும்பிய எதையும் அவர் தமக்கு மறுக்கவில்லை. முடிவில் அவர் கையில் எஞ்சியது காற்றைப் பிடிக்க முயன்றவனின் வெறுமையே.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தையும் இங்கே நினைவுகூர்வோம். தன் சகோதரன் தனக்குரிய சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி சொல்ல வேண்டும் என்று ஒருவன் இயேசுவிடம் கேட்கிறான். அவர் பங்கு பிரிப்பவராக நிற்க மறுத்து, விளைச்சல் மிகுந்த ஒரு செல்வனின் கதையைச் சொல்கிறார். அச்செல்வன் பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டத் திட்டமிடுகிறான். அக்கதையில் அவனுக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை, வேலையாள் இல்லை, அண்டை வீட்டாரும் இல்லை. அவன் பேசுவதெல்லாம் தன்னோடு மட்டுமே. அந்த இரவிலேயே அவன் உயிர் எடுக்கப்படுகிறது. செல்வம் அவனைக் கொல்லவில்லை; அவனைத் தனிமைப்படுத்தியது. நோயுற்ற தந்தையின் கட்டிலருகே சொத்தைக் குறித்து உடன்பிறந்தோர் முகம் திருப்பி நிற்கும் காட்சியைக் காணும்போதெல்லாம் இக்கதையின் பொருள் எங்களுக்கு இன்னும் தெளிவாகப் புரிகிறது.

2. பணம் வேண்டாம் என்பது இதன் பொருளா?

இல்லை. தாலிச் சங்கிலியை அடகு வைத்து மருந்து வாங்கிய ஒரு சகோதரியிடம் சென்று, பொருளாசையை விடுங்கள் என்று கூறுவது அறிவுடைமையாகாது, அன்புடைமையும் ஆகாது. தேவைக்காகப் பணத்தைத் தேடுவது வேறு. பணமே தன்னை வாழவைக்கும் என்று நம்புவது வேறு. வறுமை உடலையும் மனத்தையும் வாட்டும் என்பதை மருத்துவர்களாகிய நாங்கள் நாள்தோறும் காண்கிறோம்.

பிலிப்பி சபையின் வரலாறும் இதற்குச் சான்றாக இருக்கிறது. அச்சபையின் தொடக்கத்தை அப்போஸ்தலருடைய நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அங்கே முதலில் விசுவாசித்தவர்களில் ஒருவர் இரத்தாம்பரம் விற்கும் வணிகப் பெண்ணாகிய லீதியாள். வசதி படைத்த அவர் தம் வீட்டின் கதவைப் பவுலுக்கும் அவரோடிருந்தோருக்கும் திறந்துவைத்தார். பின்னர் பவுல் சிறையில் வாடியபோது பிலிப்பி சபையார் அவருக்குப் பொருளுதவி அனுப்பினர். பவுல் அதை மறுக்கவில்லை. நான்காம் அதிகாரத்தில் அதற்காக மனமார நன்றி கூறுகிறார்.

ஆகவே உதவி கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. சிகிச்சைச் செலவு உங்கள் சக்திக்கு மிஞ்சியிருந்தால், கந்துவட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன்பாக, உங்கள் மருத்துவரிடமோ மருத்துவ சமூகப் பணியாளரிடமோ வெளிப்படையாகப் பேசுங்கள். அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்களுக்கு இடமுண்டா, செலவு குறைந்த மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். இவ்வாறு கேட்பது விசுவாசக் குறைவு அன்று. பவுலும் பிறருடைய கைகளின் வழியாகவே தேவனுடைய பராமரிப்பைப் பெற்றார்.

3. ‘மனரம்மியம்’ என்னும் சொல்

நிருபத்தின் நான்காம் அதிகாரம் 11ஆம் வசனத்தில், எந்த நிலையில் இருந்தாலும் மனநிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகப் பவுல் கூறுகிறார். நம் தமிழ் வேதாகமம் அந்த நிலையை ‘மனரம்மியம்’ என்ற இனிய சொல்லால் குறிக்கிறது. மூலமொழியாகிய கிரேக்கத்தில் அங்கே வரும் சொல், தனக்குத் தானே போதுமானவனாயிருப்பதைக் குறிப்பது. அக்காலத்து ஸ்தோயிக்கர் என்னும் தத்துவ ஞானிகள் அச்சொல்லைப் போற்றினர். யாரையும் எதையும் சாராமல், துயரம் தன்னைத் தீண்டாதபடி மனத்தை இறுக்கிக்கொள்பவனே ஞானி என்பது அவர்கள் கருத்து. பவுல் அதே சொல்லை எடுத்து, அதன் வேரை மாற்றி நடுகிறார். அவருடைய நிறைவு தம் மனவுறுதியிலிருந்து வரவில்லை. தம்மைப் பலப்படுத்தும் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது.

இங்கே இரண்டு காரியங்களைக் கவனிப்போம்.

முதலாவது, அவர் ‘கற்றுக்கொண்டேன்’ என்கிறார். மனரம்மியம் பிறவிக்குணம் அன்று. ஒரே நாளில் வந்துவிடுவதும் அன்று. பக்கவாதத்திற்குப் பின் நடக்கப் பழகுபவர் முதல் நாளில் கட்டில் விளிம்பில் அமர்கிறார். பிறகு தாங்கிப் பிடித்து நிற்கிறார். பல நாட்களுக்குப் பின்னரே ஓரடி எடுத்து வைக்கிறார். நிறைவைக் கற்பதும் அவ்வாறே. இன்று உங்கள் உள்ளம் கலங்கியிருந்தால், நீங்கள் தோற்றுப்போனவர் அல்லர், கற்றுக்கொண்டிருப்பவர்.

இரண்டாவது, அதற்குப் பின்வரும் 13ஆம் வசனம், கிறிஸ்துவின் பலத்தால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்னும் கருத்தைக் கொண்டது. நோயாளிகளின் தலைமாட்டில் அவ்வசனத்தை எழுதி வைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அது நல்ல வழக்கமே. ஆனால் அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அங்கே பவுல் பேசுவது பட்டினியையும் நிறைவையும், குறைவையும் மிகுதியையும் தாங்குவதைப் பற்றி. நாம் விரும்பியதெல்லாம் நடக்கும் என்பது அவ்வசனத்தின் வாக்குறுதி அல்ல. எது நடந்தாலும் அதைக் கடந்து செல்லத் தேவையான பலம் உண்டு என்பதே அதன் வாக்குறுதி. பரிசோதனை முடிவு எதிர்பார்த்தபடி வராத நாளிலும் இந்த வாக்குறுதி பொய்ப்பதில்லை.

நிறைவுக்குத் தடையாக நிற்பது பணம் மட்டுமன்று. மூன்றாம் அதிகாரத்தில் பவுல் தம் குலப்பெருமை, கல்வி, சமயப்பற்று ஆகியவற்றைப் பட்டியலிட்டு, கிறிஸ்துவை அறிந்ததற்கு முன்பாக அவையெல்லாம் நஷ்டமே என்கிறார். நோய் வரும்போது பதவியும் தோற்றமும் உழைக்கும் வலிமையும் நம்மைவிட்டு விலகுகின்றன. நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர் இன்று ஒரு குவளைத் தண்ணீருக்காகப் பிறரை எதிர்பார்க்கிறார். ‘இனி நான் யாருக்குப் பயன்?’ என்ற கேள்வியே உடல் வலியைவிடப் பலரை அதிகம் வருத்துகிறது. நம் மதிப்பு நம் உழைப்பிலும் உடைமையிலும் இருக்குமானால், நோய் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். நாம் தேவனால் நேசிக்கப்படுகிறோம் என்பதில் இருக்குமானால், எந்த நோயாலும் அதைத் தொட முடியாது. இரண்டாம் அதிகாரம் காட்டும் கிறிஸ்து தம் மகிமையைப் பற்றிக்கொண்டிராமல் தம்மை வெறுமையாக்கி, அடிமையின் கோலம் எடுத்து, சிலுவை மட்டும் தாழ்ந்தவர். தாழ்வில் கிடப்பவரின் பக்கத்தில் அமர அவர் தயங்குவதில்லை.

4. எப்பாப்பிரோதீத்து என்னும் நோயாளி

இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் எப்பாப்பிரோதீத்து என்பவரைச் சந்திக்கிறோம். பிலிப்பி சபையார் தங்கள் காணிக்கையைக் கொடுத்து, பவுலுக்குப் பணிவிடை செய்யும்படி அவரை அனுப்பினர். பராமரிக்க வந்தவரே நோயுற்றார், சாவுக்குச் சமீபமானார். உடனிருப்பவர்களே, உங்கள் கதையும் சில வேளைகளில் இப்படித்தான் ஆகிவிடுகிறது. நோயாளிக்காக ஓடி ஓடி, தம் இரத்த அழுத்த மாத்திரையை மறந்து, தாமே மயங்கி விழுகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

எப்பாப்பிரோதீத்துவை வருத்தியது என்ன என்பதையும் கவனியுங்கள். தாம் நோயுற்ற செய்தி ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அவர் மிகவும் வியாகுலப்பட்டார். ‘வீட்டில் சொல்லிவிடாதீர்கள், டாக்டர், அம்மா தாங்கமாட்டார்’ என்று எங்களிடம் கூறும் நோயாளிகளின் குரல் அங்கே ஒலிக்கிறது.

பவுல் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் குறைந்ததால் நோய் வந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேவன் அவருக்கு இரங்கினார் என்று நன்றி கூறுகிறார். அவர் இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் உண்டாயிருக்கும் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறார். மகிழ்ச்சியின் நிருபத்தை எழுதியவரே துக்கத்தை அறிந்தவராக இருந்தார். ஆதலால் கிறிஸ்தவ மகிழ்ச்சி என்பது கண்ணீரை அடக்கிக்கொண்டு சிரிப்பது அன்று. கண்ணீரோடும் அது வாழக்கூடியது. பவுலுடைய சரீரத்திலேயே முள்ளைப்போன்ற ஒரு துன்பம் இருந்தது. அது நீங்கும்படி மூன்றுமுறை வேண்டிக்கொண்டும் நீங்கவில்லை. அதைத் தாங்கும் கிருபையே கொடுக்கப்பட்டது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் அவர் கூறுகிறார். குணமடையாதவர்களை நோக்கி, ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லும் எவரும் இப்பகுதிகளை மீண்டும் வாசிப்பது நலம்.

5. சக்கர நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர்

நம் நாட்டு மருத்துவ வரலாற்றிலிருந்து ஒருவரை நினைவுகூர்வோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். முகத்திலும் பலத்த காயங்கள் ஏற்பட்டன. இளம் மருத்துவராகிய அவருக்கு முன்னிருந்த எதிர்காலம் முழுவதும் அன்றோடு முடிந்துபோனதாகத் தோன்றியிருக்கும்.

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து அவற்றை மீண்டும் இயங்கச் செய்யும் பணியில் ஈடுபட்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்ய முடியும். அவருடைய ஊக்கத்தால் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைக் கட்டியெழுப்பினார். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு நிலையம் அங்கே 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவர் கால்கள் மீண்டும் நடக்கவில்லை. இழந்தது திரும்பி வந்ததால் அவர் வாழ்வு நிறைவடையவில்லை. எஞ்சியிருந்ததைத் தேவனுடைய கரத்தில் கொடுத்ததால் நிறைவடைந்தது. சமுதாயம் தொடவும் அஞ்சிய கைகளை அவர் கைகள் தொட்டன. எல்லோரும் அவரைப்போல் பெரும்பணி செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் பெயரைக் கேட்டு அவருக்காக ஜெபிப்பதும், புதிதாக வந்த குடும்பத்தாருக்கு மருந்தகம் எங்கே என்று வழிகாட்டுவதும் அதே பாதையின் முதல் அடிகளே.

6. இன்று நாம் செய்யக்கூடியவை

நான்காம் அதிகாரம் 6 முதல் 8 வரையிலான வசனங்கள் நமக்கு எளிய வழியைக் காட்டுகின்றன.

அ) கவலையைப் பெயர் சொல்லித் தேவனிடம் தெரிவியுங்கள். ‘எல்லாம் நன்றாக நடக்கட்டும்’ என்று பொதுவாக வேண்டுவதைவிட, ‘நாளைய ஸ்கேன் குறித்துப் பயப்படுகிறேன்’, ‘பள்ளிக் கட்டணத்திற்கு வழியில்லை’ என்று உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள்.

ஆ) வேண்டுதலோடு நன்றியையும் சேருங்கள். நாளின் முடிவில் அன்று பெற்ற மூன்று நன்மைகளை நினைவுகூருங்கள். வலி குறைந்த ஒரு மணி நேரமும், வீட்டிலிருந்து வந்த சூடான கஞ்சியும், செவிலியரின் ஓர் இன்சொல்லும் அதில் இடம்பெறலாம்.

இ) மனத்திற்கு எதை உணவாகக் கொடுக்கிறோம் என்று கவனியுங்கள். கைபேசியில் மற்றவர்களின் திருமணங்களையும் சுற்றுலாக்களையும் இரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பது தூக்கத்தைக் கெடுக்கும், ஒப்பீட்டையும் வளர்க்கும். உண்மையும் தூய்மையும் அன்புமுள்ளவற்றைச் சிந்திக்கும்படி பவுல் கூறுவது இக்காலத்திற்கும் தகுந்த அறிவுரை.

ஈ) உடனிருப்பவர்கள் முறைவைத்து ஓய்வெடுங்கள். நேரத்திற்கு உண்ணுங்கள். உங்கள் மருந்துகளை விடாதீர்கள்.

உ) மனச்சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேலாக நாள் முழுவதும் நீடித்தாலும், எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, பசியின்மை ஆகியவை தொடர்ந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள். மனச்சோர்வு நோய் பாவமன்று, விசுவாசக் குறைவுமன்று. நீரிழிவுக்கு மருத்துவம் இருப்பதுபோல் அதற்கும் மருத்துவம் உண்டு. ஜெபமும் மருத்துவமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஜெபிக்கிறோம் என்பதற்காக மருந்தை நிறுத்தவேண்டாம்.

சிந்தனைக்கு

1. ‘இது கிடைத்தால் மகிழ்ச்சியாயிருப்பேன்’ என்று நான் முன்பு எண்ணியிருந்தவற்றில் எவை கிடைத்துள்ளன? அந்த மகிழ்ச்சி எவ்வளவு காலம் நிலைத்தது?

2. நோய் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது? எதை எடுக்க முடியவில்லை?

3. உதவி பெறுவது எனக்கு ஏன் கடினமாக இருக்கிறது? யாருடைய உதவியை இன்று நான் ஏற்றுக்கொள்ளலாம்?

4. எங்கள் குடும்பத்தில் பணத்தாலோ சொத்தாலோ முறிந்துபோன உறவு உண்டா? அதைச் சீராக்க இவ்வாரம் நான் எடுத்துவைக்கக்கூடிய ஓரடி என்ன?

ஜெபம்

அன்பின் பிதாவே, எங்கள் வலியையும் எங்கள் தேவைகளையும் நீர் அறிந்திருக்கிறீர். சுகத்தையும், சிகிச்சைக்கான வழிகளையும் உம்மிடத்தில் கேட்கிறோம். அவை தாமதிக்கும் நாட்களிலும் உம்மை இழந்துபோகாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். பெற்றதில் நன்றியையும், குறைவில் பொறுமையையும், ஒருவரையொருவர் தாங்கும் அன்பையும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்களைப் பராமரிக்கும் கைகளை ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம். ஆமென்.